மெஷின் பாட்டுன்னு திட்டினாங்களே, அப்புறம் என்னாச்சு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டான்ஸ் மியூசிக் பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்போ, டோனா சம்மர் 1977ல பாடின 'ஐ ஃபீல் லவ்' பாட்டுலேர்ந்துதான் இன்னைக்கு கிளப்ல கேக்குற பாதி சத்தம் கிளம்புச்சுன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்ளோ கடுதாசியும் மெயிலும் வரும்னு எதிர்பார்க்கல. தேடிக் கேட்டுட்டு திட்டினவங்க பாதி, இன்னும் சொல்லுங்கன்னு கேட்டவங்க பாதி. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா இருக்கட்டும், இந்த ஒரு பாட்டு மட்டும்தான்.

கேள்வி: நீங்க சொன்னீங்களேன்னு யூடியூப்ல போட்டுக் கேட்டேன் சார். கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் ஒரே டுகுடுகுடுகு. நடுவுல ஒரு அம்மா தூக்கத்துல பாடுற மாதிரி பாடுறாங்க. இதுல அப்படி என்னதான் இருக்கு? – கோயம்புத்தூர் வாசகர்

போன் ஸ்பீக்கர்ல கேட்டீங்களா? அப்படின்னா நீங்க பாட்டையே கேக்கல, மேல மிதக்குற நுரையை மட்டும் கேட்டிருக்கீங்க. ஒரு இயர்போன் மாட்டிக்கிட்டு மறுபடி போடுங்க. முதல் அரை நிமிஷம் அந்த பாஸ், அதாவது அடியில ஓடுற கனமான சத்தம் மட்டும் கவனிங்க, அப்புறம் வலது காதுல இருக்குறத கழட்டிடுங்க. என்ன ஆச்சு? அந்த டுகுடுகு பாதியா குறைஞ்சு, வெறும் டுக் டுக் டுக்னு நடக்க ஆரம்பிச்சிருக்கும். இப்போ இடது காதுல இருக்குறத கழட்டிட்டு வலது மட்டும் கேளுங்க. அதே பாஸ்தான், ஆனா ஒரு மயிரிழை தள்ளி, அடிக்கும் அடிக்கும் நடுவுல வந்து விழும். சிந்தசைசர், அதாவது மின்சாரத்துலயே சத்தத்தை உருவாக்குற மெஷின், வாசிச்சது இடது பக்கம் இருக்குற அந்த ஒண்ணுதான். அதையே கொஞ்சம் லேட்டாக்கி, அதாவது டிலே போட்டு, வலது பக்கம் விட்டிருக்காங்க. ரெண்டும் சேர்ந்து காதுல விழுறப்போதான் அந்த ஓட்டம் வருது. பெரிய ஹால்ல நடுவுல நின்னா ஒரு தாளம், இந்த ஓரத்துக்கு நகர்ந்தா வேற தாளம், அந்த ஓரத்துக்குப் போனா இன்னொண்ணு. ஆடுறவன் இடம் மாறினா பாட்டே மாறுது. நீங்க ஒரே டுகுடுகுன்னு சொன்னது உள்ளுக்குள்ள ரெண்டா இருக்கு சார்.

அந்த அம்மா தூக்கத்துல பாடுற மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, அது சரியான கவனிப்பு, ஆனா அது குறை இல்ல. கீழ மெஷின் ஓடு ஓடுன்னு ஓடுது, மேல குரல் அதை துரத்தவே இல்ல, ஒரு சொல்லை எடுத்து இழுத்து, விட்டு, மூச்சு வாங்கி, அவசரமே இல்லாம அடுத்த சொல்லுக்குப் போகுது. பாஸோட வேகத்துக்கு அவங்களும் பாடியிருந்தா அது சாதா டிஸ்கோ பாட்டு, மூணு மாசத்துல மறந்திருப்பாங்க. இத்தனைக்கும் டோனா சம்மர் பாஸ்டன்ல சர்ச்சுல பாடி வளர்ந்தவங்க, தொண்டையைத் திறந்து கத்திப் பாட தெரிஞ்சவங்க. அந்த பலத்தையெல்லாம் உள்ள வெச்சுக்கிட்டு மேல் ஸ்தாயில மெலிசா பாடியிருக்காங்க.

கேள்வி: சிந்தசைசரே எல்லாத்தையும் வாசிச்சிடுச்சுன்னா மனுஷனுக்கு அங்க என்ன வேலை? பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்களோ? – மதுரை வாசகர்

இதே நக்கலைத்தான் அந்தக் காலத்துல நிறைய பேர் அடிச்சாங்க. பட்டனை அமுக்கிட்டு போற வசதி அன்னைக்கு கிடையவே கிடையாது. நடந்தத சொல்றேன்.

இடம் ஜெர்மனில மியூனிக் நகரம், அரபெல்லான்னு ஒரு உசரமான கட்டடத்தோட பேஸ்மென்ட்ல இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோ. தயாரிச்சது ஜார்ஜியோ மொரோடர், அவர் வட இத்தாலி மலைப்பக்கத்துக்காரர், கூட பீட் பெலோட்னு ஒரு இங்கிலாந்துக்காரர். இவங்க போட்ட திட்டம் என்னன்னா, ஒரு ஆல்பம் முழுக்க பழைய காலத்துலேர்ந்து ஒவ்வொரு பத்து வருஷத்தோட ஸ்டைல்லயும் பாட்டு, கடைசிப் பாட்டு மட்டும் எதிர்காலத்துலேர்ந்து வந்த மாதிரி. ஆல்பம் பேரு 'ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே'. (அந்த மத்த பாட்டெல்லாம் சுமார்தான், தேடிப் போகாதீங்க.) எதிர்காலம்னா ஆர்கெஸ்ட்ரா எதுக்கு, எல்லாத்தையும் சிந்தசைசர்லயே பண்ணிடலாம்னு முடிவு பண்ணாங்க.

அந்த சிந்தசைசர் மூக் மாடுலர். பீரோ சைஸ்ல ஒரு அலமாரி, முழுக்க குமிழும் ஒயரும். அது இவங்களோடது கூட இல்ல, எபர்ஹார்ட் ஷோனர்னு ஒரு கிளாசிக்கல் இசையமைப்பாளரோடது, அத இயக்கத் தெரிஞ்ச ராபி வெடல்ங்கறவரும் கூடவே வந்தார். என்னைக் கேட்டா இந்தக் கதைல உண்மையான ஹீரோ இந்த வெடல்தான், ஆனா அவர் பேரு வெளில யாருக்கும் தெரியாது. மூக்கோட ஓட்டத்தை டேப்போட எப்படி பூட்டி வைக்கறதுன்னு காட்டினது அவர்தான். டேப்ல ஒரு ட்ராக்குல வெறும் க்ளிக் க்ளிக்னு ஒரு துடிப்பைப் பதிவு பண்ணி, அடுத்தடுத்த தடவை வாசிக்கறப்போ மெஷின் அந்தத் துடிப்பைக் கேட்டு நடக்குற மாதிரி செஞ்சார். அதனாலதான் ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை அடுக்கு போட்டாலும் ஒரு இம்மி கூட நகரல. இது முடியும்ங்கறதே மொரோடருக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இன்னொரு தலைவலி சுருதி. அந்த மூக் சூடானா சுருதி விலகிடும், கொஞ்ச நேரம் ஓடினாலே போச்சு. அதனால இருபது முப்பது செகண்ட் ரெக்கார்ட் பண்ணு, நிறுத்து, சுருதி சேரு, விட்ட இடத்துலேர்ந்து மறுபடி பண்ணுன்னு துண்டு துண்டா சேர்த்திருக்காங்க. தம்புரா மீட்டுறவங்களுக்கு இந்த வேதனை புரியும். டிரம் செட்ல இருக்குற ஹை-ஹாட் தட்டுன்னு நினைச்சுக் கேக்குறீங்களே அந்த 'த்ஸ்ஸ்', அதுவும் மூக்தான், ரேடியோல ஸ்டேஷன் சிக்காதப்போ வருமே அந்த இரைச்சல், அத குட்டி குட்டியா வெட்டி வெச்சது. ஆனா எவ்ளோ குமிழைத் திருகியும் ஒண்ணு மட்டும் வரல, கிக் டிரம், அதாவது காலால மிதிச்சு அடிக்குற பெரிய டிரம். நெஞ்சுல இடிக்குற அந்த அடியை மூக்கால குடுக்க முடியல. அதனால கீத் ஃபோர்ஸிங்கற டிரம்மரை உக்கார வெச்சு, வேற எதுவும் தொடாம, வெறும் கால்ல பாட்டு முழுக்க கிக் மட்டும் அடிக்க வெச்சிருக்காங்க. டிரம்மர் ஒருத்தருக்கு இதைவிட பெரிய தண்டனை இருக்கா? (அவருக்கு அப்புறம் நல்ல காலம்தான், மொரோடரோட சேர்ந்து 'ஃப்ளாஷ்டான்ஸ்' படப் பாட்டுக்கு ஆஸ்கரே வாங்கினார்.) ஆக, மெஷின் பாட்டுன்னு உலகமே சொன்ன பாட்டோட அடிவயித்துல துடிக்கறது ஒரு ஆளோட கால்.

வரி எழுதினதும் ஒரு கதை. பெலோட் எழுதறதுக்காக டோனா வீட்டுக்குப் போயிருக்கார், அவங்க போன்ல ஜோசியரோட பேசிக்கிட்டு இருக்காங்க. இப்போ இருக்குற காதலரா, புதுசா பார்த்த ப்ரூஸ் சுடானோவா, யாரு எனக்கு செட் ஆவாங்கன்னு. பேச்சு முடியவே இல்ல, மணிக்கணக்கா போகுது, இவர் கீழ உக்காந்து தனியாவே பெரும்பகுதி எழுதி முடிச்சுட்டார். மொத்தமே நாலஞ்சு சொல்லுதான், அதையே திரும்பத் திரும்ப. அப்புறம் ஸ்டுடியோவுக்குப் போய் ஒரே டேக்ல பாடிட்டாங்கன்னு பெலோட் சொல்லியிருக்கார். ஜோசியர் சுடானோவுக்குத்தான் ஓகே சொல்லியிருக்கணும், 1980ல கல்யாணம் ஆச்சு, கடைசி வரைக்கும் சேர்ந்தே இருந்தாங்க.

கேள்வி: பாட்டு வந்தப்போவே விமர்சகர்கள் தலைல தூக்கி வெச்சு ஆடினாங்களா, இல்ல இப்போதான் ஆடுறாங்களா? – சென்னை, அண்ணா நகர் வாசகி

தலைல தூக்கறது இருக்கட்டும்மா, கம்பெனிக்காரங்களே இத நம்பல. அமெரிக்கால கேஸபிளாங்கா கம்பெனி 1977 மே மாசம் ஒரு மெதுவான சோகப் பாட்டை முன்பக்கம் போட்டு, இத பின்பக்கம் போட்டுத்தான் ரிலீஸ் பண்ணாங்க. டிஸ்கோ டிஜேக்கள் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாங்க, ஜனம் ஆடுச்சு, அதப் பார்த்துட்டு கம்பெனி இதையே முன்பக்கமா மாத்தி மறுபடி விட்டுச்சு. பிரிட்டன்ல ஜூலை கடைசிலேர்ந்து நாலு வாரம் நம்பர் 1. அமெரிக்கால பில்போர்டுல 6 வரைக்கும் வந்துச்சு. ஆக இந்தப் பாட்டுக்கு முதல் விமர்சனம் எழுதினது பேனா இல்ல, ஆடுறவங்க கால்.

எல்லாரும் சொல்ற புகழ்பெற்ற பாராட்டு ஒண்ணு இருக்கு. ராக் பாடகர் டேவிட் போவி பெர்லின்ல ரெக்கார்டிங்ல இருக்கார், அவரோட வேலை செஞ்ச இசைக்காரர் ப்ரையன் ஈனோ இந்த ரெக்கார்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து, எதிர்காலத்தோட சத்தத்தைக் கேட்டுட்டேன், இனிமே வேற எங்கயும் தேட வேணாம், அடுத்த 15 வருஷத்துக்கு கிளப் மியூசிக்கை இதுதான் மாத்தப் போவுதுன்னு சொன்னாராம். போவியே பின்னாடி சொன்னது இது. ஆனா கவனிங்க, ஈனோ விமர்சகர் இல்ல, அவரே சத்தத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த ஆள். வேலை செய்யறவனுக்கு இன்னொரு வேலைக்காரனோட திறமை டக்குனு தெரிஞ்சிடும். அதே மாதிரிதான் இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஹியூமன் லீக் குழுப் பசங்க, அமெரிக்கால ஸ்பார்க்ஸ் குழு. ஸ்பார்க்ஸ் நேரா மொரோடர்கிட்டயே போய் 1979ல ஒரு ஆல்பம் பண்ணிட்டு வந்தாங்க. நியூயார்க்ல பங்க்ங்கற முரட்டு ராக் கூட்டத்தோட கோயில் மாதிரி இருந்த சிபிஜிபி கிளப்ல 1978ல ப்ளாண்டி குழு இந்தப் பாட்டை மேடைல வாசிச்சாங்க, அந்தக் கூட்டத்துக்கு டிஸ்கோன்னாலே ஆகாது, அங்க போய் இத வாசிக்க ஒரு தைரியம் வேணும்.

ராக் பத்திரிகைல எழுதுறவங்க பக்கம் வேற மாதிரி. மொத்த டிஸ்கோ மேலயும் அவங்களுக்கு இருந்த புகார் இயந்திரத்தனம், உயிர் இல்ல, ஒரே மாதிரி, தயாரிப்பாளர் ஆட்டி வைக்கற பொம்மைதான் பாடகின்னு. ஐரோப்பால தயாரான டிஸ்கோன்னா இன்னும் கேவலம். கிதார்ல வேர்வை சிந்தி வாசிச்சாத்தான் நேர்மை, குமிழைத் திருகினா ஏமாத்துன்னு ஒரு நினைப்பு. இதுல பெரும்பாலானத நான் மதிக்க மாட்டேன், ஏன்னா அவங்க டிஸ்கோவை வீட்டுல நாற்காலில உக்காந்து கேட்டாங்க. நாற்காலிக்கு செஞ்ச பாட்டு இல்ல இது.

ஆனா ஒரு குற்றச்சாட்டை மட்டும் அப்படி தள்ளிவிட முடியாது. கறுப்பின இசையோட வரலாறு எழுதின நெல்சன் ஜார்ஜ் 1988ல யூரோ டிஸ்கோவைப் பத்தி எழுதுறப்போ, மெட்ரோனோம் மாதிரி அடி, தாளஞானமே இல்லாதவங்களுக்குத் தோதானது, குரல்ல ஏத்தஇறக்கமே கிடையாதுன்னு போட்டுத் தாக்கினார். அவரோட வலி வேற. சோல், ஃபங்க்னு கறுப்பின வாசிப்பாளர்கள் கைல வளர்ந்த தாளத்தை எடுத்து, அதுல இருக்குற நெளிவையெல்லாம் இஸ்திரி போட்டுட்டாங்கங்கறது. இந்தப் பாட்டைப் பார்த்து காப்பியடிச்ச நூத்துக்கணக்கான சரக்கைக் கேட்டா அவர் சொன்னது ரொம்ப சரி. ஆனா இந்தப் பாட்டுக்கே அது பொருந்துமான்னா, இல்லங்கறது என் கட்சி. மேல சொன்ன மாதிரி இங்க நெளிவு அடிலேர்ந்து கிளம்பி குரலுக்குப் போயிருக்கு, அதுவும் சர்ச்சுல தேறின ஒரு கறுப்பினப் பெண்ணோட குரலுக்கு. அடி நேரா நிக்கறதனாலதான் அவங்க இழுப்பு காதுக்குத் தெரியுது.

இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்க யாரும் பத்திரிகைல எழுதல, ஆனா இந்தப் பாட்டைக் காப்பாத்தினதே அவங்கதான். சான் ஃபிரான்சிஸ்கோல ஓரினச்சேர்க்கையாளர்கள் ஆடுற கிளப்ல பேட்ரிக் கவ்லின்னு ஒருத்தர், 1978ல இந்த ரெக்கார்டை எடுத்து, நடுவுல தன்னோட சிந்தசைசரை மேல மேல வாசிச்சு, 15 நிமிஷம் 43 செகண்டுக்கு இழுத்து ஒரு வெர்ஷன் பண்ணார். யார்கிட்டயும் அனுமதி வாங்கல, டிஜேக்கள் கைலேர்ந்து கைக்குப் போச்சு. 1982லதான் முறையா வெளிவந்துச்சு, அந்த வருஷம் நவம்பர்லயே கவ்லி எய்ட்ஸ்ல இறந்து போனார். 1985ல ப்ரான்ஸ்கி பீட் குழுவும் பாடகர் மார்க் ஆல்மண்டும் சேர்ந்து பாடினது பிரிட்டன்ல 3வது இடம். பத்திரிகைல எழுதுறவங்க திரும்பிப் பார்க்கறதுக்கு முன்னாடி இத்தனையும் நடந்து முடிஞ்சிருச்சு.

கேள்வி: டிஸ்கோ ரெக்கார்டை எல்லாம் மைதானத்துல குண்டு வெச்சு வெடிச்சாங்களாமே, நெஜமா? – திருநெல்வேலி வாசகர்

நெஜம்தான். 1979 ஜூலை 12, சிகாகோல கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால்ங்கற ரேடியோ டிஜே ஏற்பாடு. ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டு வந்தா 98 சென்ட்ல டிக்கெட், ரெண்டு மேட்சுக்கு நடுவுல அதையெல்லாம் குவிச்சு வெடிச்சாங்க, கூட்டம் மைதானத்துல இறங்கிருச்சு, ரெண்டாவது மேட்சே நடக்கல. அங்க டிக்கெட் பார்த்து சீட் காட்டுற வேலைல இருந்த வின்ஸ் லாரன்ஸ்ங்கற கறுப்பினப் பையன் பின்னாடி சொன்னார், ஜனம் கொண்டு வந்ததுல டிஸ்கோவே இல்லாத கறுப்பின ரெக்கார்டுகளும் நிறைய இருந்துச்சுன்னு. அப்போ அது வெறும் இசை ரசனை சண்டை இல்லங்கறது புரியுதுல்ல.

அதே சிகாகோல, வேர்ஹவுஸ்ங்கற கிளப்ல ஃப்ரேங்கி நக்கல்ஸ் அந்த வருஷங்கள்ல வாரா வாரம் டிஸ்கோ போட்டுக்கிட்டுத்தான் இருந்தார், அங்கேர்ந்துதான் ஹவுஸ் மியூசிக்ங்கற மெஷின் டான்ஸ் இசை வந்துச்சு. அந்த சீட் காட்டுற பையன் லாரன்ஸ் 1984ல முதல் ஹவுஸ் ரெக்கார்டுகள்ல ஒண்ணான 'ஆன் அண்ட் ஆன்' உருவாக்கினதுல ஒருத்தர்.

கேள்வி: எந்த வெர்ஷன் கேக்கணும்? மூணு நாலு இருக்கே. – தஞ்சாவூர் வாசகி

எட்டேகால் நிமிஷ 12 இஞ்ச் வெர்ஷன், அதாவது கிளப்புக்காக பெரிய ரெக்கார்டுல வந்த நீளமானது. ரேடியோவுக்காக வெட்டினத தொடாதீங்க, சாப்பாட்டுல ரசம் வர்றதுக்குள்ள இலையை மூடின மாதிரி இருக்கும். கவ்லியோடது ராத்திரி வண்டி ஓட்டறப்போ. 2019ல சாம் ஸ்மித் பாடினது ஒரு தடவை கேட்டா போதும்.

கேள்வி: பெரிய பத்திரிகை லிஸ்ட்ல எல்லாம் இப்போ இது மேல இருக்கு. தரம்னா நிரந்தரம்தானே, அப்போ பாட்டு எப்படி திடீர்னு தரமாச்சு? – பெங்களூர் வாசகர்

நல்ல குத்தல். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2004ல 500 சிறந்த பாட்டுன்னு லிஸ்ட் போட்டப்போ இதுக்கு 400க்கு அப்புறம்தான் எடம். 2021ல புதுசா போட்டப்போ 52. பாட்டுல ஒரு நோட்டு கூட மாறல. மாறினது ஓட்டு போட்டவங்க. 2004ல ஓட்டு போட்டவங்க பெரும்பாலும் ராக் கேட்டு வளர்ந்தவங்க, 2021ல ஹிப்ஹாப்பும் டான்ஸும் கேட்டு வளர்ந்தவங்களையும் சேர்த்து கூப்பிட்டாங்க. இந்த லிஸ்ட்டையெல்லாம் பாட்டோட மார்க் ஷீட்டா பார்க்காதீங்க, அந்தந்த வருஷம் அந்த ரூம்ல யாரு உக்காந்திருந்தாங்கங்கறதோட வருகைப் பதிவேடு அது.

நடுவுல அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் வரிசைல இத சேர்த்துச்சு, அறிவிப்பு வந்தது 2012 மே. டோனா சம்மர் செத்தது அதே மாசம் 17ஆம் தேதி, வயசு 63. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்காரங்க அவங்களை சேர்த்தது அதுக்கு அடுத்த வருஷம். உசுரோட இருந்தப்போ தகுதிப் பட்டியல்ல பேரு வந்து வந்து போனதுதான் மிச்சம். இதுக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஏறாது.

கேள்வி: இந்தியால ஒருத்தர் ராகத்துல டெக்னோ பண்ணாராமே? – கொழும்பு வாசகர்

சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ரால வாசிச்சவர். 1982ல எச்.எம்.வி.ல பத்து ராகத்தை டிஸ்கோ அடியோட, மூணு ரோலண்ட் மெஷின்ல வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டார். ஒருத்தரும் சீண்டல. 2010ல ஒரு டச்சுக்கார சேகரிப்பாளர் முயற்சில மறுபடி வந்தப்போ, உலகமே இது ஹவுஸ் மியூசிக்கோட ஒரு கிளையான ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கே, சிகாகோக்காரங்க 1987ல போட்டத இவர் அஞ்சு வருஷம் முன்னாடியே போட்டுட்டாரேன்னு அசந்து போச்சு. இவர்தான் கண்டுபிடிச்சார்னு சண்டை போடறது வேணாம், சிகாகோ பசங்களுக்கு இவர் யாருன்னே தெரியாது. அதே மெஷின் கைல கிடைச்சா வேற வேற ஊர்ல ரெண்டு பேர் ஒரே வழில போறது நடக்கறதுதான். அதுல பைரவ் ராகத்தைக் கேட்டுப் பாருங்க, அருமையா இருக்கும்.

கேள்வி: டாஃப்ட் பங்க் ஆல்பத்துல ஒரு தாத்தா சும்மா பேசிக்கிட்டே இருக்காரே, அவரா இவர்? – சேலம் வாசகர்

அவரேதான் தம்பி, நம்ம மொரோடர். டாஃப்ட் பங்க்ங்கறது பிரெஞ்சு டான்ஸ் மியூசிக் குழு. 2013ல வந்தது, 'ஜார்ஜியோ பை மொரோடர்'. அவர் பேசுறதுல க்ளிக்னு ஒரு விஷயம் வரும், டேப்ல க்ளிக் போட்டு மூக்கோட பூட்டினோம்னு. மேல மதுரைக்காரருக்கு சொன்னேனே ராபி வெடல் பண்ணினது, அதேதான். அதுல வெடல் பேரு வராது.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரி இயர்போன் போட்டு மூணு தடவை கேட்டாச்சு. எனக்கு இன்னும் பிடிக்கல. என் ரசனைல கோளாறா? – புதுச்சேரி வாசகி (போன இதழ் பார்த்துட்டு நாம போன்ல பேசினப்போ கேட்டது)

ஒரு கோளாறும் இல்ல மேடம். உக்காந்து கேட்டீங்களா, நின்னு கேட்டீங்களா?